ஜான்ஸ்டோனின் முக்கோணத்தை எதை வைத்து அளப்பது?

ஒரு வேதியியல் துறையின் தேர்வுக் குழு முன்னால் இரண்டு விண்ணப்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வினையூக்கிகளில் வேலை செய்கிறவர். மற்றவர், மோல் கணக்கு மாணவர்களுக்கு ஏன் பிடிபடுவதில்லை, டைட்ரேஷன் செய்கிற மாணவர் கையில் நடப்பதும் மனதில் ஓடுவதும் ஏன் ஒட்டுவதில்லை என்று ஆராய்கிறவர். இருவரின் ஹெச்-இண்டெக்ஸையும் (கட்டுரைகளையும் அவை வாங்கிய மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்கிற அளவு) பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டாமவர் பெரும்பாலும் தோற்றுப்போவார். அந்த எண் அவருடைய ஆய்வின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்தத் துறையில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் எத்தனை மேற்கோள் போடுகிறார்கள், தரவுத்தளங்கள் எந்த இதழ்களைச் சேர்த்துக்கொள்கின்றன என்பதைத்தான் சொல்கிறது.

வேதியியல் கல்வி ஆய்வாளர் ஒருவரின் தாக்கத்தை அளப்பது எப்படி என்பதை ஓர் உண்மையான ஆளை வைத்தே பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஜான்ஸ்டோன் இதற்குச் சரியான ஆள். வேதியியலை மூன்று தளங்களில் கற்கிறோம் என்று சொன்னவர் அவர்: கண்ணால் பார்க்கிற நிறமாற்றமும் வீழ்படிவும் ஒரு தளம், கண்ணுக்குத் தெரியாத அணு மூலக்கூறு இன்னொரு தளம், வாய்பாடும் சமன்பாடும் மூன்றாவது தளம். ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்றுக்கும் தாவுவார். புதிதாகக் கற்கிற மாணவரின் செயல்நினைவு, அதாவது ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளுகிற நினைவு, அந்தச் சுமையைத் தாங்காது. இந்த மூன்றையும் மூலைகளாக வைத்து அவர் வரைந்த முக்கோணம் இன்று உலகமெங்கும் வேதியியல் ஆசிரியர் பயிற்சியில் இடம்பெறுகிறது. இவ்வளவு பரவிய ஒரு கருத்தையே வழக்கமான அளவுகோல்கள் எப்படித் தவறவிடுகின்றன என்று தெரிந்துகொண்டால், இளம் ஆய்வாளர்களுக்கு என்ன அநீதி நடக்கிறது என்பது தானாகப் புரியும்.

பட்டியல் எங்கிருந்து தொடங்க வேண்டும்

பெரும்பாலோர் ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் பெயரைத் தட்டி, வருகிற பக்கத்தில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தவறே அங்குதான். பட்டியல் ஆய்வாளரின் தன்விவரக் குறிப்பிலிருந்து தொடங்க வேண்டும். தரவுத்தளத்தை அதோடு ஒப்பிட வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால், தரவுத்தளத்தில் இல்லாத கட்டுரை இல்லாததாகவே ஆகிவிடும்.

ஜான்ஸ்டோனையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணத்துக்கு எல்லோரும் மேற்கோள் காட்டுகிற 1991-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தது எந்த வேதியியல் இதழிலும் இல்லை, 'ஜர்னல் ஆஃப் கம்ப்யூட்டர் அசிஸ்டட் லேர்னிங்' என்ற கணினிவழிக் கற்றல் இதழில். அதே கருத்தின் முந்தைய வடிவம் 1982-ல் 'ஸ்கூல் சயின்ஸ் ரிவ்யூ'வில், பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான பிரிட்டிஷ் இதழில், வந்தது. 1993-ல் 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன்' இதழில் மறுபடி எழுதினார். ஆய்வக வேலை மாணவரின் நினைவை எப்படித் திணறடிக்கிறது என்று வாம் என்பவருடன் சேர்ந்து எழுதிய 1982 கட்டுரையும், கேள்வியின் சுமை கூடக்கூட மாணவரின் வெற்றி எப்படிச் சட்டென்று சரிகிறது என்று எல்-பன்னாவுடன் சேர்ந்து எழுதிய 1986 கட்டுரையும் 'எஜுகேஷன் இன் கெமிஸ்ட்ரி' என்ற சஞ்சிகையில் வந்தவை. ஆய்வகக் கற்றல் பற்றி அல்-ஷுவைலியுடன் எழுதிய 2001 கட்டுரை 'யுனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி எஜுகேஷன்' இதழில் வந்தது.

ஆசிரியர்கள் படிக்க வேண்டும் என்று நினைத்தவர் ஆசிரியர்கள் படிக்கிற இடத்தில் எழுதினார். அந்த இடங்கள்தான் மேற்கோள் தரவுத்தளங்களில் பாதி இருக்கும், பாதி இருக்காது. ஒரு கருத்து, இரண்டு மூன்று கட்டுரை. மேற்கோள்களும் அவற்றுக்குள் சிதறிப்போகின்றன. ஹெச்-இண்டெக்ஸ் கட்டுரையை அலகாக வைத்து எண்ணுகிறது. கருத்தை அலகாக வைத்து எண்ணினால்தான் இந்த மனிதரின் தாக்கம் கண்ணுக்குத் தெரியும். அதனால் எக்ஸெல் தாளில் கட்டுரைத் தலைப்பு, ஆண்டு, இதழ், டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர இணைய அடையாள எண்) என்ற வழக்கமான பத்திகளோடு 'கருத்து' என்று ஒரு பத்தியும் போடுங்கள். முக்கோணம், செயல்நினைவுச் சுமை, ஆய்வகக் கற்றல் என மூன்று நான்கு சொற்கள் போதும். பிறகு எக்ஸெலின் பிவட் அட்டவணை போட்டால் ஒவ்வொரு கருத்துக்கும் மொத்தம் எத்தனை மேற்கோள் என்று ஒரே நிமிடத்தில் வந்துவிடும். ஒரே கட்டுரை 1991-ஐயும் 1993-ஐயும் சேர்த்தே மேற்கோள் காட்டியிருக்கும் என்பதால், கருத்துவாரியாகக் கூட்டும்போது மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் டிஓஐ பட்டியலில் இரட்டிப்பை நீக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

டிஓஐ சேர்க்கும் வேலையை எளிதாக்க ஒரு வழி உண்டு. 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன்' இதழின் 2009 வரையான கட்டுரைகளுக்கு டிஓஐ ஒரே அச்சில் இருக்கும்: 10.1021, சாய்கோடு, 'இ-டி' என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்து, மூன்று இலக்கத்தில் தொகுதி எண், 'பி' என்ற எழுத்து, முதல் பக்க எண். 1997-ல் 74-ஆம் தொகுதி 262-ஆம் பக்கத்தில் வந்த ஜான்ஸ்டோனின் 'பிராஸ்டெட் உரை' என்ற சொற்பொழிவுக் கட்டுரைக்கு, 'இ-டி'க்குப் பின் 074, பிறகு 'பி', பிறகு 262. தொகுதியும் பக்கமும் கையில் இருந்தால் எக்ஸெலில் ஒரு சூத்திரமே எல்லா டிஓஐயையும் கட்டிக் கொடுத்துவிடும். தொகுதி எண்ணின் முன்னால் பூஜ்யம் விட்டுப்போனால் இணைப்பு திறக்காது. அடிக்கடி நடக்கிற பிழை அது. 2010-லிருந்து இந்த அச்சு மாறிவிட்டது, அதற்குப் பிந்தியவற்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

பெயரும் தேடலும்

ஜான்ஸ்டோன் என்ற குடும்பப்பெயரின் கடைசி எழுத்தை விட்டு எழுதுகிறவர்கள் உண்டு, நடுவில் 'டி'யை விட்டு ஜான்சன் ஆக்குகிறவர்களும் உண்டு. 'ஏ. எச்.' என்ற முதலெழுத்துகளில் இரண்டாவது விழுந்துவிட்டால், அதே பெயருள்ள மருத்துவரும் பொறியாளரும் அவரோடு கலந்துவிடுவார்கள். நம் ஊர்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். இனிஷியலை ஓர் இதழ் முன்னால் போடும், இன்னொன்று பின்னால் போடும், மூன்றாவது அதையே அப்பா பெயராக விரித்துக் குடும்பப்பெயர் ஆக்கிவிடும். ஒரே ஆளுக்கு ஸ்கோப்பஸில் மூன்று அடையாள எண் இருப்பது சாதாரணம். ஆய்வாளருக்கென்றே தரப்படுகிற நிரந்தர அடையாளமான, 2012-ல் தொடங்கிய ஆர்க்கிட் எண்ணை வாங்கி, ஸ்கோப்பஸ் அடையாள எண்களை அதோடு இணைத்து, பிரிந்து கிடப்பவற்றை ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பிப்பது ஒவ்வோர் ஆய்வாளரும் முதலில் செய்ய வேண்டிய வேலை. கூகுள் ஸ்காலர் சுயவிவரத்தில் கட்டுரைகள் தானாகச் சேர்கிற வசதியை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதே பெயர்க்காரர் ஒருவரின் பல்மருத்துவக் கட்டுரை உங்கள் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தேடலில் முக்கியமானது ஒன்று. வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்தில் ஆசிரியர் பெயரைப் போட்டுத் தேடினால், அந்தத் தரவுத்தளம் சேர்த்துக்கொண்ட இதழ்களில் வந்த கட்டுரைகள் மட்டுமே வரும். சேராத சஞ்சிகையில் வந்த கட்டுரையை, சேர்ந்த இதழ்களில் எழுதுகிற நூறு பேர் மேற்கோள் காட்டியிருக்கலாம். அதைப் பிடிக்க 'சைட்டட் ரெஃபரன்ஸ் சர்ச்' என்ற தனித் தேடல் இருக்கிறது. ஆசிரியர் பெட்டியில் குடும்பப்பெயர், ஒரு இடைவெளி, முதல் எழுத்து, ஒரு நட்சத்திரக்குறி. ஆண்டுப் பெட்டியில் அந்த ஆண்டும் முன்பின் ஓராண்டும். இதழ்ப் பெயரை முதலில் போடாமல் விடுங்கள். ஒரே கட்டுரை பத்து விதச் சுருக்கப்பெயரில், தவறான தொகுதி எண்ணில், தவறான பக்கத்தில் என்று வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் பார்த்து, நம்முடையதை டிக் செய்து, மொத்தமாக முடிவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கோப்பஸில் இதற்கு நிகரானது 'செகண்டரி டாக்குமென்ட்ஸ்' என்ற பட்டியல். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் கல்வி ஆய்வாளர் ஒருவரின் மேற்கோள் எண்ணிக்கையைச் சொல்வது நேர்மையான கணக்கே இல்லை. ஸ்கோப்பஸில் 1996-க்கு முந்தைய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்கள் பிற்பாடுதான், 1970 வரை பின்னோக்கிப் போய்ச் சேர்க்கப்பட்டன. அதுவும் முழுமையாக இல்லை. 1982 கட்டுரையை அப்போதே மேற்கோள் காட்டியவர்களில் பலர் அங்கே தென்படாததற்கு இதுவும் காரணம்.

கூகுள் ஸ்காலரைப் 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருள் வழியாக எடுத்தால் நேராக எக்ஸெலுக்கு வந்துவிடும். ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுக்கு மேல் வராது என்பதால், அதிகம் மேற்கோள் வாங்கிய கட்டுரைக்கு ஆண்டுவாரியாகப் பிரித்துத் தேட வேண்டும். ஸ்காலர் எண் எப்போதும் பெரிதாக இருக்கும். ஆய்வேடுகள், மாநாட்டுத் தொகுப்புகள், ஆங்கிலமல்லாத இதழ்கள் எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குப்பை என்று சொல்லித் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துருக்கியிலும் இந்தோனேசியாவிலும் ஒரு பள்ளி ஆசிரியர் முதுகலை ஆய்வேட்டில் முக்கோணத்தை வைத்துத் தன் வகுப்புக்குப் பாடம் வடிவமைத்திருந்தால், கல்வி ஆய்வுக்கு அதைவிட நேரடியான பயன் வேறெது? தள்ள வேண்டியது இரட்டைப் பதிவுகளையும், ஒரே கட்டுரையின் முன்பதிப்பையும், மேற்கோள் பட்டியலே இல்லாத பாடத்திட்டப் பக்கங்களையும்தான். 2022-ல் வந்த ஓப்பன்அலெக்ஸ் என்ற தரவுத்தளம் யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தக்கூடியது. ஸ்கோப்பஸ் சந்தா இல்லாத கல்லூரிகளுக்கு என் பரிந்துரை அதுதான்; ஒரே பெயருள்ள ஆசிரியர்களை அது சரியாகப் பிரித்திருக்கிறதா என்பதில் மட்டும் கண் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை எதோடு ஒப்பிடுவது

ஹெச்-இண்டெக்ஸ் 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. கணக்கு எளிது: ஒருவரின் ஹெச் 8 என்றால், குறைந்தது எட்டு மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் அவருக்கு எட்டு இருக்கின்றன. கற்பனையாக ஒருவரின் பதினொரு கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் 210, 64, 40, 22, 15, 11, 9, 8, 7, 3, 1 என்று இருக்கட்டும். இறங்குவரிசையில் எட்டாவது கட்டுரைக்கு எட்டு இருக்கிறது, ஒன்பதாவதுக்கு ஏழுதான். ஆக ஹெச் 8. பத்தோ அதற்கு மேலோ வாங்கிய கட்டுரைகளை எண்ணுவது ஐ10; அப்படிப்பட்டவை ஆறு, ஆக ஐ10 6. இப்போது முதல் கட்டுரையின் 210-ஐ 2,100 ஆக்கிப் பாருங்கள்: ஹெச் அதே 8, ஐ10 அதே 6. துறையையே திருப்பிப்போட்ட ஒரு கட்டுரை இந்த இரண்டு எண்ணிலும் எந்தத் தடமும் விடாது. ஜான்ஸ்டோன் போன்றவர்களுக்கு, ஒன்றிரண்டு கட்டுரைகளில்தான் உயிர்நாடி இருக்கிறது என்பவர்களுக்கு, இதைவிடப் பொருந்தாத அளவுகோல் இல்லை.

துறைச் சராசரியோடு ஒப்பிடுகிற எண்கள் மேல், ஆனால் அவற்றிலும் ஓட்டை உண்டு. ஸ்கோப்பஸ் தரவை வைத்துக் கணக்கிடுகிற எஃப்டபிள்யூசிஐ (துறைக்கேற்ப எடையிட்ட மேற்கோள் தாக்கம்), ஒரு கட்டுரை வெளிவந்த ஆண்டிலும் அடுத்த மூன்று ஆண்டுகளிலும் வாங்கிய மேற்கோள்களை அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் சராசரியால் வகுக்கிறது. ஒன்று வந்தால் சராசரி. கல்வி ஆய்வில் ஒரு கட்டுரை மெதுவாகத்தான் சூடுபிடிக்கும்: ஒருவர் படித்து, வகுப்பில் செய்து பார்த்து, தரவு சேர்த்து, எழுதி, அச்சில் வரவே நான்கு ஆண்டு ஓடிவிடும். 1991 கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான்காண்டுச் சாளரம் அதையெல்லாம் பார்க்கவே பார்க்காது. இன்னொரு சிக்கல், துறை எது என்பது. 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன்' வேதியியலிலும் கல்வியிலும் சேர்த்து வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அதில் வருகிற கல்வி ஆய்வுக் கட்டுரையின் எதிர்பார்ப்பு மேற்கோளில் வேதியியல் கட்டுரைகளின் வேகமும் கலந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாகக் கையாலேயே செய்யக்கூடிய ஒன்றுண்டு, நான் அதிகம் நம்புவதும் அதைத்தான். கட்டுரை வந்த அதே இதழின் அதே ஆண்டை எடுங்கள். தலையங்கம், நூல் மதிப்புரை, கடிதம், திருத்தக் குறிப்பு எல்லாவற்றையும் நீக்குங்கள். 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷனி'ல் ஆய்வகச் சோதனை, வகுப்பறைச் செயல்விளக்கம், கல்வி ஆய்வு எல்லாம் ஒரே அட்டைக்குள் வரும். நம் கட்டுரை எந்த வகையோ அந்த வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள் வரிசையில் அடுக்குங்கள். 150 கட்டுரைகளில் நம்முடையது ஒன்பதாவது என்றால், முதல் 6 விழுக்காட்டுக்குள் இருக்கிறது. 'ஹெச் 8' என்பதைவிட 'இன்ன இதழில் இன்ன ஆண்டில் வந்த 150 கல்வி ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்பதாவது' என்பது தேர்வுக் குழுவில் இருக்கிற கரிம வேதியியலாருக்கும் புரியும். வகை பிரிக்காமல் செய்தால் எண் தவறான திசையில் போகும்: ஆய்வகச் சோதனைக் கட்டுரைகளை உலகமெங்கும் ஆய்வகங்களில் செய்கிறார்கள், மேற்கோள் காட்டுவதில்லை. அவற்றைக் கூட்டத்தில் விட்டால் கல்வி ஆய்வுக் கட்டுரை எல்லாமே மேலே தெரியும்.

தன்மேற்கோளை நீக்கியும் நீக்காமலும் இரண்டு எண்ணும் கொடுங்கள். முழுவதும் நீக்கிவிட வேண்டும் என்கிற பிடிவாதம் தேவையில்லை. பதினைந்து ஆண்டு ஒரே கேள்வியைத் தொடர்கிறவர் தன் முந்தைய கட்டுரையைச் சொல்லாமல் எழுத முடியாது.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக வாங்குகிற மேற்கோள் எண்ணை, ஆளின் மீது ஏற்றுவதைப் பற்றி, ஆய்வு மதிப்பீட்டுக்காக 2013-ல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனமே தெளிவாகச் சொல்லிவிட்டது: அதைத் தனி ஆய்வாளரின் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று. இருந்தும் நம் யுஜிசியின் 2018 விதிமுறைகளில் ஆய்வுக்கட்டுரைக்கான கூடுதல் மதிப்பெண் இம்பாக்ட் ஃபேக்டர் படிக்கட்டில்தான் ஏறுகிறது: இல்லாத இதழுக்கு 5, ஒன்றுக்குக் கீழ் 10, ஒன்றிலிருந்து இரண்டு வரை 15, இரண்டிலிருந்து ஐந்து வரை 20, ஐந்திலிருந்து பத்து வரை 25, பத்துக்கு மேல் 30. வேதியியல் கல்வியின் இரண்டு முதன்மை இதழ்களும் ('ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷன்', 'கெமிஸ்ட்ரி எஜுகேஷன் ரிசர்ச் அண்ட் பிராக்டிஸ்') 20-ஐத் தாண்ட வழியில்லாத இடத்தில் நிற்கின்றன. அந்தத் துறையின் உச்சியில் ஒருவர் எழுதினாலும் அந்தப் படிக்கட்டில் அவருக்கு 20தான். நம் கல்லூரிகளில் கற்பித்தலை ஆராய விரும்புகிற வேதியியல் ஆசிரியர்களுக்கு இது நேரடியான தண்டனை. இதை மாற்றக் கேட்கிற குரல் அவர்களிடமிருந்தே வர வேண்டும். அதற்குக் கையில் நல்ல கணக்கு இருக்க வேண்டும்.

மேற்கோளைத் திறந்து படிப்பது

எண்ணி முடித்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். மேற்கோள் காட்டிய கட்டுரைகளிலிருந்து ஐம்பதை எடுங்கள். மேலேயுள்ள ஐம்பதை எடுக்கக் கூடாது. எக்ஸெலில் தற்செயல் எண் தருகிற ரேண்ட் சூத்திரம் போட்டுக் கலைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் திறந்து, நம் ஆய்வாளர் எங்கே, எதற்காக வருகிறார் என்று பாருங்கள். நான்கு வகை போதும். முன்னுரையில் ஐந்தாறு பெயர்களோடு வரிசையில் நிற்பது ஒன்று. கருத்தை எடுத்து ஒரு பாடத்தையோ சோதனையையோ வினாத்தாளையோ வடிவமைத்தது இரண்டாவது. கருவியை, அதாவது வினாக்கொத்தையோ அளவையையோ, அப்படியே பயன்படுத்தியது மூன்றாவது. கருத்தைத் திருத்தியது, விரித்தது, மறுத்தது நான்காவது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். 'கெமிஸ்ட்ரி எஜுகேஷன் ரிசர்ச் அண்ட் பிராக்டிஸ்' இதழில் மேற்கோள்கள் பெயரும் ஆண்டுமாக வரும். கண்ட்ரோல்-எஃப் போட்டுப் பெயரைத் தேடினால் வேலை முடிந்தது. 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷனி'ல் எண்களாக, மேலெழுத்தில் வரும். அடியில் உள்ள பட்டியலில் நம் கட்டுரை 7 என்று கண்டுபிடித்துவிட்டு 7-ஐத் தேடினால், '5–9' என்று வீச்சாக எழுதியிருக்கிற இடத்தை அது காட்டாது. அந்த இடங்களை உரை முழுக்க ஓட்டிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இப்படி வீச்சுக்குள் ஒளிந்திருக்கிற மேற்கோள் கிட்டத்தட்ட எப்போதும் முதல் வகைதான். நம் கட்டுரை தனி எண்ணாக, அதுவும் 'முறை' பகுதியில் வந்தால், உட்கார்ந்து படிக்க வேண்டிய கட்டுரை அது.

வகைப்படுத்துவதை ஒருவரே செய்யக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து ஒப்பிட வேண்டும். ஐம்பதில் 42 ஒத்துப்போனால் 0.84, ஆனால் தற்செயலாகவே கொஞ்சம் ஒத்துப்போகும். இருவரும் ஒவ்வொரு வகையையும் எத்தனை முறை போட்டார்கள் என்பதிலிருந்து அந்தத் தற்செயல் ஒப்பு 0.45 என்று வருகிறது என்று வையுங்கள். தற்செயலைக் கழித்துவிட்டு ஒப்பை அளக்கிற எண் கோஹன் கப்பா: 0.84-லிருந்து 0.45-ஐக் கழித்து, அதை 0.55-ஆல் (1-லிருந்து 0.45 போக மீதி) வகுத்தால் 0.71. ஏற்றுக்கொள்ளக்கூடியது. 0.6-க்குக் கீழே வந்தால் வகைகளின் வரையறை தெளிவாக இல்லை. பெரும்பாலும் முதல் வகைக்கும் இரண்டாவதுக்கும் இடையில்தான் குழப்பம் இருக்கும். 'இந்தக் கட்டுரையிலிருந்து ஜான்ஸ்டோனை எடுத்துவிட்டால் ஆய்வின் வடிவமைப்பு மாறுமா?' என்று ஒரு கேள்வியை வரையறையில் சேர்த்தால் குழப்பம் குறையும்.

நான்காவது வகையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 2011-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் விசென்டே டலன்கர், முக்கோணத்தின் ஒவ்வொரு மூலையையும் ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று காட்டி, அதை விரிவாகப் பிரித்து எழுதினார். 2013-ல் கேம்பிரிட்ஜின் கீத் டேபர், குறியீட்டுத் தளத்தை மற்ற இரண்டுக்கும் சமமான மூலையாக வைப்பது சரிதானா என்று கேட்டு அதை மறுபடி அமைத்தார். கனடாவின் பீட்டர் மஹாஃபி, வேதியியலோடு பிணைந்த மனிதரையும் சமூகத்தையும் நான்காவது முனையாக்கி முக்கோணத்தை நான்முகி ஆக்கினார். எண்ணிக்கைத் தாளில் இவை மூன்றும் மூன்று மேற்கோள்தான். முன்னுரையில் போகிற போக்கில் பெயர் சொன்ன மூன்று கட்டுரைகளுக்கும் அதே மூன்று. ஒரு கருத்தோடு இருபது, முப்பது ஆண்டு கழித்தும் மற்றவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதைவிடப் பெரிய தாக்கம் ஒரு கல்வி ஆய்வாளருக்கு இருக்க முடியுமா?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. முக்கோணம் இன்று பொதுச் சொத்தாகிவிட்டது. பாடநூல்களிலும் பயிற்சிக் கையேடுகளிலும் யார் வரைந்தது என்று சொல்லாமலே வருகிறது. ஒரு கருத்து முழுமையாக ஏற்கப்பட்ட பிறகு மூலத்தை மேற்கோள் காட்டுவது நின்றுபோவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியிருக்கிறார். இதைப் பிடிக்கப் பெயரைத் தேடக் கூடாது, 'சப்மைக்ரோஸ்கோப்பிக்' (அணு மூலக்கூறுத் தளத்துக்கான சொல்) போன்ற அந்தக் கருத்துக்கே உரிய சொல்லைத் தேட வேண்டும். சொல் இருந்து பெயர் இல்லாத கட்டுரைகளைத் தனியாக எண்ணிக் குறிப்பிடுங்கள். மேற்கோள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கருவியும் வகுப்பறையும்

சிலரின் தாக்கம் கருத்தில் இல்லை, கருவியில் இருக்கும். 1987-ல் நரன்பெர்னும் பிக்கரிங்கும் மூன்று பக்கம் எழுதினார்கள். வாயு விதிகளில் கணக்கைச் சரியாகப் போடுகிற மாணவர், அதே விதியைத் துகள் படமாகக் கேட்டால் தடுமாறுகிறார் என்று காட்டினார்கள். அந்த இணைக்கேள்விகளைப் பிறகு பலர் தங்கள் வகுப்புகளில் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். 2002-ல் மல்ஃபோர்டும் ராபின்சனும் வெளியிட்ட 22 கேள்விக் கருத்துச் சோதனையும் அப்படித்தான். இம்மாதிரிக் கருவியை அளக்க வேறு பத்திகள் வேண்டும்: எத்தனை நிறுவனத்தில் வைத்தார்கள், எத்தனை மாணவருக்கு, எந்த மொழியில் பெயர்த்தார்கள், கேள்விகளை மாற்றினார்களா, நம்பகத்தன்மை எண்ணைத் திரும்பக் கணக்கிட்டார்களா. கடைசிக் கேள்வியை விடக் கூடாது. மூலக் கட்டுரையின் ஆல்ஃபா என்ற நம்பகத்தன்மை எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டுத் தன் மாணவர்களுக்குக் கணக்கிடாத கட்டுரைகள் நிறைய. அவை பயன்பாடு என்று எண்ணப்படலாம், சரிபார்ப்பு என்று எண்ணப்படக் கூடாது. கருவி கேட்டு வருகிற மின்னஞ்சல்களை ஆய்வாளர் முதல் நாளிலிருந்தே தேதி, நாடு, மாணவர் எண்ணிக்கையோடு ஒரு தாளில் குறித்து வந்தால், பின்னால் இதைவிட வலுவான சான்று கிடைக்காது.

பல ஆய்வுகளின் தரவைச் சேர்த்துக் கணக்கிடுகிற மெட்டா பகுப்பாய்வில் இடம்பெறுவது இன்னொரு நல்ல அடையாளம். 2014-ல் ஃப்ரீமனும் சக ஆய்வாளர்களும் 225 ஆய்வுகளைத் தொகுத்து, விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 விழுக்காடு, செயல்வழிக் கற்றலில் 21.8 என்று காட்டினார்கள். வேதியியல் வகுப்பில் ஒப்பீட்டுக் குழு வைத்து ஒழுங்காகத் தரவு எடுத்தவரின் ஆய்வுதான் அப்படிப்பட்ட தொகுப்புக்குள் போக முடியும். அந்த இடம் கிடைத்ததா என்பதைத் தொகுப்பின் துணைக்கோப்பில் உள்ள பட்டியலில் பார்க்க வேண்டும். துணைக்கோப்பில் மட்டும் இருக்கிற மேற்கோள்களைத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

பதிவிறக்க எண்ணிக்கையை எச்சரிக்கையோடு எடுங்கள். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தளத்தில் கட்டுரைக்கு மேலே தெரிகிற பார்வை எண் 2008 நவம்பரிலிருந்து எண்ணப்பட்டது. 1997 கட்டுரையின் முதல் பதினோரு ஆண்டு அதில் கிடையாது. 1997-ஐயும் 2015-ஐயும் அந்த எண்ணில் ஒப்பிடவே கூடாது.

பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வின் தரத்தை அளக்கிற ஆர்இஎஃப் மதிப்பீடு கல்விக்கூடத்துக்கு வெளியே ஏற்பட்ட தாக்கத்தை வழக்காய்வாக எழுதிக் கேட்கிறது. 2014-ல் மொத்த மதிப்பில் 20 விழுக்காடு, 2021-ல் 25. எண்ணைத் தாண்டி யோசிக்க வைத்ததற்காக அதைப் பாராட்டுகிறேன். ஆனால் காலவரம்பு இருக்கிறது. 2014 மதிப்பீட்டில் அடிப்படை ஆய்வு 1993-லோ அதற்குப் பிறகோ வந்ததாக இருக்க வேண்டும், 2021-ல் 2000-லோ அதற்குப் பிறகோ. முக்கோணக் கட்டுரை 1991. இரண்டு முறையும் வெளியே. இன்னொன்று, சொந்தப் பல்கலைக்கழக மாணவர்களின் கற்றலில் ஏற்பட்ட மாற்றத்தை 2014 விதிகள் தாக்கமாக ஏற்கவில்லை, 2021-ல்தான் ஏற்றார்கள். கல்வி ஆய்வாளரின் முதல் வகுப்பறை அவருடைய சொந்த வகுப்பறைதானே? அங்கே மாறியதை எண்ணாமல் விட்டது பெரிய குறை. திருத்தினார்கள் என்பது நல்ல செய்தி.

வழக்காய்வுக்குச் சான்றுக் கடிதம் வாங்கும்போது 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதித் தருவார்கள். அதனால் பயனில்லை. எந்தப் பாடம், எந்தப் பருவத்திலிருந்து, எத்தனை மாணவர், முன்பு எப்படி இருந்தது, எதை மாற்றினார்கள், யார் முடிவெடுத்தார்கள் என்ற ஆறையும் கேள்வியாகவே அனுப்பி, பதிலைக் கடிதமாக வாங்குங்கள். ஆய்வகக் கையேட்டின் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் மாறிய பக்கங்களை ஸ்கேன் எடுத்து இணைத்தால் கடிதத்துக்குப் பலம் கூடும். கையேடுகள் புதிதாக வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், ஆகவே மாற்றம் நடக்கிற ஆண்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதுங்கள். ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015-ல் வந்த லெய்டன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஐந்தாவது, மதிப்பிடப்படுகிறவருக்கே தரவைக் காட்டிச் சரிபார்க்க விட வேண்டும் என்பது. தாளை அப்படியே ஆய்வாளருக்கு அனுப்பி இரண்டு வாரம் கொடுங்கள். விடுபட்ட சஞ்சிகைக் கட்டுரை, தவறாகச் சேர்ந்த வேறொருவரின் கட்டுரை, மறந்துபோன மொழிபெயர்ப்பு என்று அவர் திருத்துவார். அந்தத் திருத்தங்களைப் பச்சை நிறத்தில் தனியாகக் காட்டி, மூலத் தாளையும் கூடவே வைத்துக் குழுவிடம் கொடுங்கள். யார் எதைச் சேர்த்தார்கள் என்று குழுவுக்குத் தெரிந்தால் சந்தேகம் எழாது.